ஒரு சாண் மிச்சம்

அப்பாவின் இடது கன்னத்தில் சவரத்தை முடித்து, ரேஸரைக் குவளைத் தண்ணீரில் அலசி, வலது கன்னத்துக்கு மகள் கொண்டுபோனபோது அவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்து."

"எங்கயாவது வெட்டிருச்சா?"

"உஷ். கேளு."

அவள் ரேஸரை அந்தரத்தில் பிடித்தபடி நின்றாள். வெளியே, அவளுடைய வேன் நிற்கும் கொட்டகையின் தகரக் கூரையில் ஏதோ ஒன்று 'டங்' என்று விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் சத்தமில்லை.

"புறாப்பா. தலைய நேரா வைங்க."

"புறா ஒத்தக் கால்ல நடக்குமா?"

இந்தக் கோடையில் அந்தக் கூரை அவர்களை எத்தனையோ தடவை ஏமாற்றியிருந்தது. புறா நடந்தால் மழை, அணில் ஓடினால் மழை, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து துணிக் கிளிப் விழுந்தாலும் மழை. ஒவ்வொரு தடவையும் அப்பா கட்டிலில் எழுந்து உட்காருவார், மூச்சு வாங்க ஜன்னலைப் பார்ப்பார், ஜன்னலில் வெயில் பல்லை இளித்துக்கொண்டிருக்கும். அதனால் அவள் நம்பவில்லை. பாதி முகம் நுரையாக இருக்கிற மனிதர் சொல்வதை நம்புவதும் கஷ்டம்.

மூன்றாவது விழுந்தது. நான்காவது. அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. ஒரு மூட்டைப் பயறை அவிழ்த்துக் கொட்டியதுபோலக் கூரை முழுவதும் இரைந்தது. சமையலறையிலிருந்து அம்மா, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினாள். அம்மா கத்தி அவள் கேட்டதே இல்லை. வீட்டுக்குள் பாம்பு வந்த அன்றைக்குக்கூட அம்மா சாதாரணக் குரலில்தான் தகவல் சொன்னாள்.

அப்பா கழுத்துத் துண்டை உருவி எறிந்தார். "டிரைவரம்மா, வண்டிய எடு."

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தண்ணீர் இல்லையென்று பள்ளிக்கூடத்தையே ஒரு வாரமாக மூடிவிட்டதால் வேனும் அவளும் இங்கே வந்து கிடந்தார்கள். "எங்கப்பா?" என்று ஒப்புக்குக் கேட்டாளே தவிர, எங்கே என்று அவளுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு முன்னால், ஊர்க் கோடியில் இருக்கும் கோல்ஃப் கிளப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள், போனார். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். ஒரு மணி நேரம் போராடி அவரை வெளியே எடுத்ததும் டாக்டர் நன்றியெல்லாம் சொல்லவில்லை. "கூட ஆட வந்தவன் கோவிச்சுகிட்டுப் போயிட்டான். உன்னாலதான் லேட்டு. நீ வா," என்று மட்டையைக் கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. அந்த லிஃப்டைத் திறக்காமலே விட்டிருக்கலாம் என்பது அம்மாவின் கட்சி.

"ஒரு பந்தைக் குழியில போடறதுக்கு ரெண்டு பெரிய மனுஷங்களுக்கு நாலு மணி நேரம் வேணுமா?" என்பாள். "அதுக்குள்ள நான் சமைச்சு, துவைச்சு, காய வச்சு, மடிச்சே வச்சிருவேன்."

வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை தொடங்கும்போது, மெக்கானிக்குக்கும் டாக்டருக்கும் ஒரு போட்டி. கோப்பையெல்லாம் கிடையாது. தோற்றவர் அடுத்த கோடைவரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். போட்டி தொடங்கிய இருபத்திரண்டு வருஷத்தில் ஆளுக்குப் பதினொன்று. இந்த வருஷம் பதினேழு குழி முடிந்தும் சமம். கடைசிக் குழியில் டாக்டர் மணலில் மாட்டிக்கொண்டு ஆறு அடி அடித்துத்தான் முடித்தார். அப்பாவோ மூன்றே அடியில் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்தரைக்கு, வந்து சேர்ந்துவிட்டார். இன்னும் இரண்டு அடியில் உள்ளே தள்ளினால் ஐந்து, டாக்டரைவிட ஒன்று குறைவு. ஜெயம். பந்தைத் துடைப்பதற்காக எடுத்து, அது இருந்த இடத்தில் அடையாளத்துக்குச் சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்தார். மற்றவர்கள் அதற்கென்று கடையில் விற்கிற வில்லையை வைப்பார்கள். அப்பாவுக்கு அம்மாவின் பொத்தான் டப்பாதான் கடை. வைத்துவிட்டு நிமிரப் போனவர் நிமிரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பி வந்தபோது கிளப்பை மூடியிருந்தார்கள். குளம் வற்றி, புல் வைக்கோலாகி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. "செத்த புல்லு மேல நான் ஜெயிக்க மாட்டேன். மழை வரட்டும்," என்றார் அப்பா. "வரட்டும்," என்றார் பல் டாக்டர். இதய டாக்டர் வேறு மாதிரி சொன்னார்: ஒரு மாதம், மிஞ்சிப்போனால் இரண்டு. அவர் சொல்லி நாலு மாதம் ஆகிவிட்டது. வானமும் அப்பாவும், யார் முதலில் இறங்கி வருவது என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு வானம் இறங்கிவிட்டது.

அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் குக்கர், இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தலை ஏற்கனவே நனைந்திருந்தது.

"அம்மா, இவரு என்ன சொல்றாரு கேட்டியா? கட்டிலை விட்டே இறக்கக் கூடாதுன்னு அண்ணன் காலையிலகூட போன்ல..."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். ஒரு பக்கம் பளபளவென்றும் ஒரு பக்கம் நுரையாகவும் அவர் கட்டிலில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். கால்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன.

"கூட்டிட்டுப் போ," என்றாள் அம்மா.

"ஏதாவது ஆயிருச்சுன்னா?"

"ஆகாமலே இருக்கப் போகுதா? போ. வேற சட்டை போட்டு விடு, இதுல ரெண்டு பட்டன் இல்ல."

"எந்தச் சட்டையிலதான் இருக்கு?"

அப்பா சிரித்தார். "நீயும் வாயேன்," என்று அம்மாவிடம் கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று மகளுக்குத் தோன்றியது.

"நான் வந்தா இந்தத் தண்ணிய யாரு பிடிக்கிறது? அந்தக் குழியில என்ன இருக்கு பார்க்க? ஜெயிச்சுட்டு வந்து சொல்லுங்க, கேட்டுக்கிறேன்." குக்கரை இறக்கி வைத்துவிட்டு அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். "நனையாம..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். "சரி, நனைஞ்சுட்டே வாங்க."

மீதிக் கன்னத்தையும் முடித்துவிடலாம் என்று மகள் ரேஸரோடு கெஞ்சினாள். மழை நின்றுவிட்டால் யார் பொறுப்பு என்று அப்பா கேட்டார். "டாக்டருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டிக்கிறேன், விடு."

தெருவில் யாரும் வீட்டுக்குள் இல்லை. வாசல்தோறும் வாளி, அண்டா, குழந்தை குளிக்கும் தொட்டி, ஒரு வீட்டில் பூச்சாடி. முடிதிருத்தும் கடைக்காரரும் கழுத்தில் துணி கட்டிய வாடிக்கையாளரும் கடைக்கு வெளியே வந்து அண்ணாந்து நின்றார்கள். தண்ணீர் லாரிக்காரர் லாரியை ஓரங்கட்டிவிட்டு, தன் பிழைப்பு கெடுகிற சந்தோஷத்தில் நடுரோட்டில் ஆடிக்கொண்டிருந்தார். அப்பா வேன் கண்ணாடியை இறக்கி, முழங்கைவரை வெளியே நீட்டியிருந்தார்.

"கைய உள்ள வைங்கப்பா. பசங்கள நான் இதுக்குத்தான் தினமும் திட்டுவேன்."

"நான் உன் ஸ்கூல்ல படிக்கலையே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் இருந்தது. வைப்பரின் இரைச்சலுக்கு நடுவே அவர் மூச்சு எப்படி வருகிறது என்று ஒரு காதால் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினாள். ஆனாலும் இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நோயாளி என்பது அவளுக்கு மறந்து மறந்து போனது.

கிளப் வாசலில் பல் டாக்டர் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, ஒரு கையில் குடை, தோளில் அப்பாவின் மட்டைப் பை. நாலு மாதமாக அதைத் தன் வீட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவர். முதல் சொட்டு விழுந்ததும் கிளம்பியிருக்க வேண்டும்.

"லேட்டு," என்றார்.

"நீங்க லிஃப்ட்ல மாட்டாம வந்தீங்களே, அதுவே பெருசு," என்றார் அப்பா.

டாக்டரின் கண் அப்பாவின் முகத்தில் ஒரு நொடி நின்றது. நாலு மாதத்தில் மெக்கானிக் பாதியாகியிருந்தார். அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல், "ஒரு பக்கம்தான் சவரமா? வேலைய எப்பவும் அரையும்குறையுமா விடறதுதானே உன் பழக்கம்," என்றார்.

பேட்டரி வண்டியில் அப்பாவை ஏற்றிக் கடைசிக் கிரீனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு மனிதர் புல்லில் மல்லாந்து, கைகளை விரித்து, வாயைத் திறந்து படுத்துக்கிடந்தார். மைதானத்தைப் பராமரிக்கும் அவரை எல்லாரும் புல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிச் சத்தம் கேட்டு அவசரமாக எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார், வேலை நேரத்தில் தூங்கி மாட்டிக்கொண்டவரைப்போல.

"பொத்தான் இருக்கா?" என்றார் அப்பா.

"எங்க போகும்? வீட்டுல துணி அலசின தண்ணிய தினம் ஒரு பக்கெட் கொண்டாந்து ஊத்தியிருக்கேன். என் சம்சாரம் என்னையும் உங்களையும் சேத்துத் திட்டாத நாள் இல்ல. பாருங்க."

மைதானம் முழுக்கப் பழுப்பாகக் கிடக்க, குழிக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு பாய் விரித்த அளவுக்குப் பச்சை இருந்தது. ஆரம்பத்தில் பொத்தான் நீலம். வெயிலில் வெளுத்து இப்போது பால் நிறமாகியிருந்தது.

அப்பா பந்தை வைத்துவிட்டுப் பொத்தானை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதற்கே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மகள் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சட்டைக்குள்ளே எலும்புதான் இருந்தது. குழி பத்தடி தள்ளியிருந்தது. அவர் மட்டையை இழுத்துத் தட்டியதை அவளால் கையிலேயே உணர முடிந்தது, உடம்பு முழுக்க ஒருதரம் சிலிர்த்து அடங்கியதுபோல. பந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி, வேகம் குறைந்து, இதோ இதோ என்று போய், குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவோ சிரித்தார். இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார்.

"பாத்தியா, நிக்குது! சிமெண்டு மாதிரி இருந்த தரை... பந்து நிக்காம ரோட்டுக்கு ஓடும் டிரைவரம்மா. இன்னைக்குப் பிடிச்சு நிறுத்துது பாரு! உயிர் வந்துருச்சு இதுக்கு!"

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். இந்த ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. பந்து குழியை ஒட்டி வந்துவிட்டால், எதிராளி "கொடுத்தாச்சு" என்று சொல்லிவிடலாம். அதற்கப்புறம் அடிக்க வேண்டியதில்லை, உள்ளே போனதாகவே கணக்கு. ஒரு சாண் என்றால் யாரும் யோசிக்காமல் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் மட்டும் முப்பது வருஷத்தில் அப்பாவுக்கு ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. நாலு விரல் தூரமானாலும் கொடுக்க மாட்டார். அப்பாவும் அவருக்குக் கொடுத்ததில்லை.

கொடுத்துவிடுங்களேன் என்று மகள் மனதுக்குள் மன்றாடினாள். அப்பாவின் பாரம் முழுக்க இப்போது அவள் கைகளில்தான் இருந்தது.

டாக்டரின் உதடு அசைந்தது. குடையை மடக்கினார். "போட்டுக் காட்டு," என்றார்.

"அதானே!" அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "எங்க கொடுத்துத் தொலைச்சிருவாரோன்னு பயந்துட்டேன். இருங்க, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்."

வண்டியில் உட்கார வைத்தாள். மட்டையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி, தலையைச் சாய்த்து, வழக்கம்போல இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பந்தையும் குழியையும் நேர்கோட்டில் பார்த்தார். அப்பா அடிப்பதைவிடப் பார்ப்பதற்குத்தான் நேரம் எடுப்பார். ஒரு சாணுக்குக்கூட ஊர்வலமே போய்வருகிற நேரம் பார்ப்பார். ஒருவர் இப்படிக் குறி பார்க்கும்போது மற்றவர்கள் பேசக் கூடாது, அசையக் கூடாது. அது கிளப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அதனால் யாரும் பேசவில்லை, அசையவில்லை. டாக்டர் குடையைத் தரையில் ஊன்றி நின்றார். புல்லுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரின் மூக்கு நுனியில் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து விழுந்தது, அவர் துடைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று பிற்பாடு மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். டாக்டர் ஐந்து நிமிஷம் என்றார். புல்லுக்காரர் பத்து என்றார். மகளுக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவின் வலது கன்னத்தில் மிச்சமிருந்த சவர நுரை மழையில் கரைந்து, ஒரு வெள்ளைக் கோடாகக் கழுத்தில் இறங்கி, காலருக்குள் போய், அந்தக் கோடும் கழுவிப்போன நேரம். அதற்கப்புறம் நெற்றியிலிருந்து ஒரு துளி வழிந்து நேராக அவருடைய திறந்த கண்ணில் விழுந்தது. கண் சிமிட்டவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும், குறி பார்க்கிற மனிதரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு போய் அவர் கையைத் தொட்டாள். கை சூடாகத்தான் இருந்தது. முகத்தில், ஜெயிக்கப்போகிறவரின் அந்தத் திமிர் கொஞ்சமும் குறையாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்தார்கள். குடையை மடக்கிக்கொண்டே, வாயெல்லாம் பல்லாக, "என்ன மழை! என்ன மழை!" என்று படியேறுவார்கள். உள்ளே அப்பாவைக் கிடத்தியிருப்பதைப் பார்த்ததும் முகத்தை அவசரமாக மாற்றிக்கொள்வார்கள். மாற்றிய முகம் அரை நிமிஷம் நிற்காது. வெளியே இடி இடித்ததும் மறுபடி மலர்ந்துவிடும். எதிர்வீட்டு டீச்சர், அம்மாவின் கையைப் பிடித்து அழுதபடியே, "எங்க கிணத்துல ரெண்டடி ஏறிருச்சுங்க," என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டடியா?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நல்லா சிரிச்சுட்டே சொல்லுங்க. அவரு இதுக்குத்தான் காத்துகிட்டிருந்தாரு. நானும் அந்த நேரத்துல வாளிக்கு வாளி சிரிச்சுகிட்டேதான் இருந்தேன்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் முகத்தை மாற்றவில்லை.

வெளியூரிலிருந்து அண்ணன் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான். அப்பாவைப் பார்த்தான், ஒரு கன்னத்தில் முளைத்திருந்த நரையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். "யாரு கூட்டிட்டுப் போகச் சொன்னது?" என்றான்.

அவள் வாய் திறக்குமுன், "நான்தான்," என்றாள் அம்மா. "உனக்குக் கோவம்னா என்னைத் திட்டு. அவ மேல பாயாத. முதல்ல தலையத் துவட்டு."

அவன் திட்டவில்லை. மகள் ரேஸரை எடுத்துவந்து அப்பாவின் வலது கன்னத்தை முடித்தபோது, அண்ணன்தான் குவளையைப் பிடித்துக்கொண்டான். வாளியில் பிடித்த மழைத் தண்ணீர்தான் குவளையில் இருந்தது. நிறுத்தச் சொல்ல யாருமில்லாததால் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அதுதான் அவளை அழவைத்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் பல் டாக்டர் வந்தார். அவரும் சவரம் செய்திருக்கவில்லை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"நான் கொடுத்திருக்கலாம்மா," என்றார் கடைசியில். "ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு. கொடுத்தாச்சுன்னு சொல்லியிருந்தா ஜெயிச்ச மனுஷனா போயிருப்பான். தூக்கமே வரல."

"கொடுத்திருந்தீங்கன்னா அங்கேயே உங்களை மட்டையால அடிச்சிருப்பாரு," என்றாள் அம்மா. "எத்தனை தடவை சொல்லியிருக்காரு தெரியுமா, ஊருல எல்லாரும் என்னை வயசானவன்னு விட்டுக்கொடுக்கிறாங்க, இந்த டாக்டர் ஒருத்தன்தான் என்னை மனுஷனா மதிக்கிறான்னு."

டாக்டர் காப்பியைப் பார்த்தார். "இப்பவாவது சொல்லிரலாமான்னு கேக்க வந்தேன். பந்து அங்கேயேதான் இருக்கு. யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு புல்லுக்காரன் பக்கெட்டைக் கவுத்து மூடி வச்சிருக்கான்."

"மூணு நாளாவா?"

"மூணு நாளா."

அம்மா வாசலைப் பார்த்தாள். வாசலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. "இத்தனை வருஷம் கொடுக்காததை இப்ப கொடுத்துக் கெடுக்காதீங்க," என்றாள். "போட்டாத்தான் கணக்கு."

"யாரு போடறது?"

அம்மா ஏற்கனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சட்டப்படி வேற ஆள் போடக் கூடாதும்மா," என்றார் டாக்டர் தயங்கித் தயங்கி.

"சட்டப்படி பாத்தா உங்களை அன்னைக்கு லிஃப்ட்லயே விட்டிருக்கணும். கிளம்புங்க."

அண்ணனையும் சேர்த்து நாலு பேரும் வேனில் போனார்கள்.  அந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டுமே என்றிருந்தது மகளுக்கு. ஆனால் போய் இறங்கியபோது அது வேறு இடமாக இருந்தது. பழுப்பு போய், மைதானம் முழுக்கப் புதுப்புல் ஊசி ஊசியாகத் தலைகாட்டியிருந்தது. நடுவில், குழியோரத்தில், ஒரு சிவப்புப் பக்கெட் கவிழ்ந்திருந்தது. புல்லுக்காரர் அதை இரண்டு கையாலும் தூக்கினார். பந்து இருந்த வட்டம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. குழிக்குள் மழைத் தண்ணீர் விளிம்புவரை நின்றது.

டாக்டர் பையிலிருந்து மட்டையை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைத் துடைப்பத்தைப்போலப் பிடித்தாள்.

"இது போகலன்னா?"

"அடுத்ததுல போட்டா ஆறு. என்னோடதும் ஆறு. சமம்."

"போனா?"

"நான் தோத்தேன்."

"இவ்வளவு கிட்டத்துல இருக்கே! இதுக்கா அன்னைக்கு அவ்வளவு நேரம் பாத்தாரு?"

 அம்மா மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்ததும், முப்பது வருஷப் பழக்கத்தில் டாக்டர் சட்டென்று அசையாமல் நின்றார். புல்லுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார். அண்ணனும் குடையைப் பிடித்தபடி உறைந்தான். மகளால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. மூன்று நாளாக அது அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

அம்மா நிமிர்ந்தாள். "ஏன் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுகிட்டு நிக்கிறீங்க? யாராவது பேசுங்க. பேசாம நின்னா எனக்குக் கை வராது."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

"மழை," என்றார் டாக்டர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்ல மழை. இல்ல?"

"ஆமாமா," என்றார் புல்லுக்காரர். "குளம் பாதி ரொம்பிருச்சு. என் சம்சாரம்கூட இப்ப திட்டறதில்ல."

"வர்ற வழியில பாலத்தை முட்டிகிட்டுத் தண்ணி போகுது," என்றான் அண்ணன். "டிரெயினையே ரெண்டு மணி நேரம் நிறுத்திட்டாங்க."

"பள்ளிக்கூடம் திங்கக்கிழமை திறக்கறாங்க," என்றாள் மகள். "பசங்க ஒருத்தனும் இனிமே கைய உள்ள வைக்க மாட்டான்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா தட்டினாள். பந்து போனது. குழியின் விளிம்பில் ஒரு நொடி தயங்கிவிட்டு, 'தொபுக்' என்று தண்ணீருக்குள் விழுந்தது.

இத்தனை வருஷத்தில் அந்தக் குழியில் யாருடைய பந்தும் அப்படியொரு சத்தத்தோடு விழுந்ததில்லை. "தோத்துட்டேன்!" என்று டாக்டர் கத்தினார். "பன்னெண்டு! அவனுக்குப் பன்னெண்டு! தோத்துட்டேன்!" குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, அண்ணனைக் கட்டிக்கொண்டு, தூறலில் ஒரு சுற்று சுற்றினார். புல்லுக்காரர் பக்கெட்டைத் தட்டினார். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அவள் அடக்கவில்லை.

பந்தை எடுப்பதற்காக அம்மா குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். முழங்கைக்குக் கீழே பாதிவரை கை தண்ணீருக்குள் போயிற்று. அப்படியே இருந்தாள்.

"என்னம்மா, கிடைக்கலையா?"

"கிடைச்சுருச்சு," என்றாள் அம்மா. "எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு பாரு."

கையை அவள் வெளியே எடுக்கவில்லை.